நண்டு இடித்த இரும்புத் தொப்பி

"என் உரல் எங்க?"

லுவா வாசலில் இருந்தே கேட்டாள். ஒரு மாதம் மகள் வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள், தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. கையில் ஒரு மூங்கில் கூடை. அதற்குள் வயல் நண்டுகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

தோவான் பல் குத்துவதை நிறுத்தினார். அவள் வர இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

"எந்த உரல்?"

"நம்ம வீட்ல எத்தன உரல் இருக்கு? இரும்புத் தொப்பிங்க."

பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துத் தொப்பி அது. சிம் குன்றுச் சண்டை முடிந்து நாற்பது வருஷம் ஆகப் போகிறது. அந்தப் பக்கத்தில் சண்டையின் மிச்சம் இல்லாத வீடு கிடையாது. பன்றிப் பட்டிக்கு வேலி, விமானம் இறங்கிய தளத்தின் இரும்புத் தகடு. கொசுவலை, பாராசூட் துணி. பள்ளிக்கூடத்து மணி, பீரங்கிக் குண்டின் கூடு. லுவா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமானில் இந்தத் தொப்பியும் ஒன்று. தலைகீழாகத் திருப்பி ஒரு மரவளையத்தில் உட்காரவைத்து, முப்பத்தெட்டு வருஷமாக அதில்தான் நண்டு இடிக்கிறாள். கல்லில் இடித்தால் சாறு செத்துப்போகும் என்பது அவள் கட்சி.

"கிணத்துல விழுந்துருச்சு," என்றார் தோவான்.

"அதுவா நடந்து போயி விழுந்துச்சா?"

"கழுவலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"நீங்க? கழுவ?"

அங்கேயே மாட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கழுவியது தன் முகத்தை மட்டும்தான்.

லுவா பக்கத்து வீட்டு பாங்கிடம் போய்ப் பாதாளக் கரண்டியை வாங்கிவந்து கிணற்றில் இறக்கினாள். கரண்டியின் பின்னாலேயே பாங்கும் வந்துவிட்டார். சண்டையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர், மிச்சம் எட்டு விரலாலும் அடுத்தவன் வீட்டு விஷயத்தைத் தோண்டுகிறவர். மூங்கில் புகைக்குழலோடு கிணற்று மேட்டில் குந்திக்கொண்டார்.

முதலில் ஒரு பழைய வாளி வந்தது. அப்புறம் ஒற்றைச் செருப்பு. அப்புறம், மூன்று வருஷத்துக்கு முன்னால் திருடு போனதாகத் தோவான் சொன்ன லுவாவின் டார்ச் விளக்கு.

"திருடன் நல்லவன்யா," என்றார் பாங். "எடுத்த வீட்டுக் கிணத்துலயே போட்டுட்டுப் போயிருக்கான்."

தொப்பி வரவில்லை. எப்படி வரும்? அது அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன் ஹியென் என்ற பெண் சைக்கிளில் வந்தாள். குன்றின் அடிவாரத்து அருங்காட்சியகத்தில் வேலை. நாற்பதாவது ஆண்டு விழா வருகிறது, வீட்டிலிருக்கும் போர்க்காலப் பொருளைக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். கொடுத்தால் சிவப்பு முத்திரை போட்ட சான்றிதழ் உண்டு. அதற்குத் தோவான் மசியவில்லை. அரசாங்கம் காகிதம் கொடுக்கிறது என்றால் பதிலுக்கு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"கொடுக்கிறவங்களுக்கு விழா விருந்துல மேல்பாய் பெரியப்பா."

அதில் விழுந்தார்.

அந்த ஊரில் விருந்து என்றால் பாய் போட்டு, ஒரு தட்டுக்கு நாலு பேர். மேடையை ஒட்டின பாய் மேல்பாய், சண்டை போட்டவர்களுக்கு. நடுவில் அதிகாரிகள். வாசலோரம் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கடைசிப் பாய். ஒவ்வொரு வருஷமும் தோவான் உட்காருவது அதில்தான். கோழியின் நல்ல துண்டு அங்கே வந்து சேர்ந்ததே கிடையாது. கழுத்தும் காலும்தான் வரும்.

அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனால் குன்றில் குண்டு வெடித்த அத்தனை நாளும் அவர் இருபது கிலோமீட்டர் பின்னால், ஆற்றுத் துறையில், பட்டாளத்துச் சமையலுக்கான பன்றிகளை மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் யார் கேட்டாலும் "மூணாவது படைப்பிரிவு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எங்கே சுட்டார் என்று சொல்லாத ஆளை மேல்பாய்க்கு யாரும் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் லுவா. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளிடம் சொல்லி அழுதுவிட்டார். அவள், "சரி, பன்னிங்க பத்திரமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஹியென் கேட்டபோது அந்தத் தொப்பி சமையலறை மூலையில் கண்ணில் பட்டது. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு பிரெஞ்சு ஆபீசர்கிட்டேர்ந்து நான் புடுங்கினது," என்றார். "சுட்டுட்டுத்தான் புடுங்கினேன்."

கிணற்றைத் துழாவின மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தெருக்கோடிக் கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமாக அது உரம் வந்திருப்பதையும் மழை வருவதையும் சொல்லும். அன்று, மூணாவது பதுங்குகுழியில் தன்னந்தனியாக எதிரி அதிகாரியைச் சுட்டு வீழ்த்திய தோழர் தோவான், அந்த அதிகாரியின் தொப்பியை மக்களுக்கு வழங்கியிருக்கிறார் என்று சொன்னது. ஒரு தடவை சொன்னால் போதாதா? இரண்டு தடவை சொன்னது.

லுவா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப கிணத்துல இல்ல," என்றாள். திரும்பவும் களைய ஆரம்பித்தாள்.

அவள் கத்தியிருந்தால் தோவானும் கத்தியிருப்பார், கணக்கு நேராகியிருக்கும். அவள் கத்தவில்லை. அவருக்குக் காது மடல் வரை சுட்டது. அன்று கஞ்சி குடிக்கும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டார். மனைவிக்கு நண்டு இடிக்க வேண்டும் என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா? எண்ணெய் போட்டுத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணினார்.

"அந்த வேலைய நாங்களே முடிச்சுட்டோம் பெரியப்பா!" ஹியென் குதிக்காத குறை. "வாங்க, வந்து பாருங்க."

தொப்பி பளபளவென்று வெல்வெட் துணிமேல் இருந்தது. தன் வீட்டுச் சாமான் என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் எதற்கும் ஒரு யோக்கியம் வந்துவிடுகிறது.

"உள்ள ஒரு இஞ்சு கனத்துக்கு ஏதோ படிஞ்சிருந்துச்சு. சுரண்டி எடுத்தா, ஆணியால கீறின பேரு! லெப்டினன்ட் பெரோ. நம்பர்கூட இருக்கு. நீங்க பார்க்கலையா?"

"சண்டையில பேரெல்லாம் யாரும்மா கேட்டா?"

"அதுவும் சரிதான். ஆனா இந்த அடியெல்லாம் உள்பக்கத்துலேர்ந்து விழுந்திருக்கே. குண்டுத்துண்டு வெளியிலேர்ந்துதானே படும்?"

முப்பத்தெட்டு வருஷத்து உலக்கை அடி. தோவான் மென்று முழுங்கினார்.

"அவன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சிருந்தான். தண்ணி மொள்ள. அப்ப உள்ள விழுந்துச்சு."

ஹியென் எழுதிக்கொண்டாள். அவள் எதையும் எழுதிக்கொள்கிற பெண்.

"இன்னொண்ணு பெரியப்பா. வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள்ள ஒரு வாடை வருது."

"ரத்த வாடை," என்றார் தோவான்.

அதையும் எழுதினாள்.

"எங்க சுட்டீங்க?"

"நெஞ்சுல."

"ஏதாவது சொன்னாரா?"

"அம்மான்னான்." சொன்ன பிறகுதான் பிரெஞ்சுக்காரன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவான் என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. "நானே குழி வெட்டிப் பொதைச்சேன்," என்று அவசரமாகச் சேர்த்தார், கொஞ்சம் புண்ணியம் தேடுகிற மாதிரி.

அந்தப் புண்ணியம்தான் அவரைக் கவிழ்த்தது. ஹியென் இளகின மனசுக்காரி. எதிரியாக இருந்தாலும் சொந்தபந்தம் இல்லாத இடத்தில் செத்த ஆவி பசியோடு அலையும் இல்லையா? அடுத்த பௌர்ணமிக்குள் பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன மணல் கிண்ணம் வந்தது. அதில் ஊதுவத்தி. ஊர்ப் பெண்கள் போகிறபோக்கில் வாழைப்பழம் வைத்தார்கள், அரிசி மாவுப் பணியாரம் வைத்தார்கள். சிகரெட்டைக்கூடப் பற்றவைத்து நிறுத்தினார்கள். கொன்றவர் கையால் வத்தி ஏற்றினால் ஆவி சீக்கிரம் அடங்கும் என்று யாரோ கிளப்பிவிட, மாதம் இரண்டு தடவை தோவான் போய், தான் கொல்லாத ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

முதல் தடவை கை நடுங்கி மூன்று வத்தி ஒடிந்தது. பாங் பின்னால் நின்று பார்த்தார்.

"என்னா தோவான், நெஞ்சுல சுடும்போது நடுங்காத கை இப்ப நடுங்குது?"

வீட்டிலே நண்டு சமையலே நின்றுபோயிற்று. லுவா ஒரு கல்லுரல் வாங்கினாள், ஒருநாள் இடித்தாள், ஒருவாய் குடித்துப் பார்த்து மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றினாள். "தொப்பி திரும்ப வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க," என்றாள் ஒரே ஒரு தடவை.

"விழா முடியட்டும்," என்றார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹியென் வந்தாள். சைக்கிளைச் சாய்க்காமலே இறங்கியதில் அது கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. கையில் வெளிநாட்டுத் தபால் தலை ஒட்டிய உறை.

"பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. அவரு புதைஞ்ச இடம் குடும்பத்துக்குத் தெரியட்டும்னு நாந்தான் பிரான்சுக்கு எழுதிப் போட்டேன். பேரும் நம்பரும் இருந்துச்சே."

தோவான் மனத்தில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெரோவின் அம்மா. நாற்பது வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்தவள், தன் பொய்யைப் படித்து அழுகிறாள்.

"அவங்க அம்மா எழுதியிருக்காங்களா?"

"இல்ல. அவரே எழுதியிருக்காரு."

"எவரு?"

"செத்தவரு."

தோவான் கோழிக்கூண்டின் மேல் கிடந்த சைக்கிளை எடுத்து நிறுத்தினார்.

"தேனீ வளர்க்கிறாராம். விழாவுக்கு வர்றாராம். பெரியப்பா, நெஞ்சுல சுட்டேன்னீங்களே?"

"கொஞ்சம் ஓரமாப் பட்டிருக்கும்."

"குழி வெட்டிப் பொதைச்சேன்னீங்க!"

"ஆழமாப் பொதைக்கலம்மா," என்றார் தோவான். சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தப் பெண் அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

விழா அன்று காலை, காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தார். லுவா நெற்றியைத் தொட்டாள். "காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்க சமையலுக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. எந்திரிச்சுச் சட்டையப் போடுங்க." அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அதற்குள் கத்தியும் முறமுமாகத் தெருவில் இறங்கிவிட்டாள். யார் வருகிறார் என்பதைக்கூட அவளிடம் அவர் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

விழாவில் மேல்பாயில் உட்கார்ந்தார். முதல் தட்டு, முதல் வரிசை, பக்கத்தில் பாங். தட்டில் கோழித்தொடை. நாற்பது வருஷமாகக் கடைசிப் பாயிலிருந்து எட்டிப் பார்த்த தொடை. இப்போது அதைப் பாங் பக்கம் தள்ளிவைத்தார்.

பெரோ வந்தார். நெடுநெடுவென்று, வழுக்கைத் தலையோடு, கைத்தடி ஊன்றி. கூட ஒரு மொழிபெயர்ப்பாளத் தம்பி. கூட்டம் எழுந்து நின்றது. கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போனார்கள். குனிந்து தன் பெயரைப் படித்தார். அப்புறம் கீழே இருந்த ஊதுவத்தியையும் பழத்தையும் காட்டி ஏதோ கேட்டார்.

"இது யாருக்குன்னு கேக்குறாரு," என்றான் தம்பி.

ஹியெனின் முகம் சிவந்துபோனது. "அவருக்குத்தான்னு சொல்லுங்க."

பெரோ கொஞ்சம் யோசித்தார். ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்றார். ஆவிக்கு வைத்ததை ஆவியே வந்து தின்றதை அந்த ஊர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தது. பின்வரிசையில் ஒரு கிழவி பயந்து கும்பிட்டாள்.

"உங்களைச் சுட்டவரு இதோ," என்று மாவட்டத்து அதிகாரி தோவானை முன்னால் தள்ளினார். அந்த ஆளுக்கு எதுவும் தெரியாது. அவர் கையிலிருந்த காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பெரோ கையை நீட்டினார். சுட்டவனாம், அவனுக்குக் கை கொடுக்கிறார். வெள்ளை முடி படர்ந்த, தேனீ கொட்டித் தடித்த கை. தோவான் அந்தக் கையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அப்புறம் ஆயுசுக்கும் சோறு இறங்கியிருக்காது.

"நான் சுடலய்யா," என்றார். குரல் கீச்சென்று வந்தது. "நான் யாரையும் சுட்டதே இல்ல. குன்றுல சண்டை நடந்தப்ப நான் ஆத்துத்துறையில பன்னி மேய்ச்சுக்கிட்டிருந்தேன். நாற்பது வருஷமா ஊர ஏமாத்திக்கிட்டு இருக்கேன். இந்தத் தொப்பி என் வீட்டுக்காரி நண்டு இடிக்கிற உரலு. மேல்பாயில உட்காரணும்னு ஆசைப்பட்டு அவளக் கேக்காமத் தூக்கிக் கொடுத்துட்டேன். அந்த வாடை ரத்த வாடை இல்ல. நண்டு வாடை."

அதிகாரி தன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"எத்தன பன்னி?" என்றார் பாங்.

"பதினேழு."

"தொலைஞ்சுது எத்தன?"

"ஒண்ணுகூட இல்ல."

"பின்ன என்னய்யா," என்றார் பாங். "அந்தப் பன்னிக் கறியத் தின்னுதான் நாங்க சுட்டோம். நீ வாயைத் தெறந்து சொல்லியிருந்தா நானே மேல்பாயில இடம் போட்டிருப்பேன். இப்ப போ, போய்க் கடைசிப் பாயில உட்காரு. பொய் சொன்னதுக்கு."

யாரோ சிரித்தார்கள். தோவானுக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. செருப்புக் குவியலை நோக்கி நடந்தார். வாசல் வெகுதூரத்தில் இருந்தது.

மொழிபெயர்ப்பாளத் தம்பி அதற்குள் எல்லாவற்றையும் பெரோ காதில் ஓதி முடித்திருந்தான். பெரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நிம்மதின்னு சொல்றாரு," என்றான் தம்பி. "லெட்டர் வந்த நாள்லேர்ந்து, எப்ப சுட்டாங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தாராம். ஞாபகமே வரலையாம். வயசாகிப் புத்தி பிசகிப்போச்சோன்னு டாக்டர்கிட்டகூடப் போனாராம்."

அந்த நேரத்தில்தான் சமையல் கொட்டகையிலிருந்து பெண்கள் குழம்புப் பானைகளோடு உள்ளே வந்தார்கள். முதல் ஆளாக லுவா. இடுப்பில் பானை, நெற்றியில் வியர்வை, தலையில் முடிந்த துண்டு. வாசல் பக்கம் தலைகுனிந்து வந்த புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, சாப்பிடாம எங்க போறீங்க?" என்று அதட்டினாள்.

அந்தக் குரலைக் கேட்டு பெரோ சடக்கென்று திரும்பினார். கைத்தடி டமாரென்று தரையில் விழுந்தது. எழுபதை நெருங்குகிற அந்த ஆள், அத்தனை அதிகாரிகளுக்கும் முன்னால், முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

லுவா பானையை இறக்கி வைத்தாள். சட்டை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மொழிபெயர்ப்பாளன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அவரக் கையை எறக்கச் சொல்லு. அன்னைக்கும் இப்படித்தான், நான் எவ்வளவு சொல்லியும் கைதி முகாம் வர்ற வரைக்கும் எறக்கவே மாட்டேன்னுட்டாரு."